பிறத்தியார் கைச் சோறு

நாய்க்குக் கிளாஸ் நடத்துறாக, அதுல சேரப் போறேன்னு நான் சொன்ன அன்னிக்கு, டெலிபோன் எக்சேஞ்சுல என்கூட டியூட்டி பாத்தவளுக எல்லாரும் ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டுச் சிரிச்சாளுக. "நாய் வாலை நிமித்தப் போறியாக்கும்?"னு ஒருத்தி கேட்டா. "பாஸானா மேல்படிப்பு எந்தக் காலேஜு?"ன்னு இன்னொருத்தி. எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், அப்பவும் சரி இப்பவும் சரி. "உங்க புருஷமாரைக் கூட்டிட்டு வாங்க, சேத்துவிடுறேன். உக்காருன்னா உக்காரவாவது பழகட்டும்"னேன். அதோட வாயை மூடுனாளுக.

எண்பதுகளோட ஆரம்பம் அது. எனக்கு முப்பத்தாறு வயசு, கல்யாணம் ஆகல. டிரங்க் கால் போட்டுக் குடுக்குற வேலை. "லைன்ல இருங்க, மெட்ராஸ் பேசுறாக"ன்னு நாள் முழுக்க அடுத்தவுகளைச் சேத்து வெச்சுட்டு, ஒத்தக்கடை பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தா, பேச ஒரு ஈ காக்கா கிடையாது. சில நாளு ரேடியோவைப் போட்டுவிட்டு அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருப்பேன். செய்தி வாசிக்கிறவரோட சண்டைகூடப் போட்டுருக்கேன்.

ஒத்தக்கடையில அப்பத்தான் பிளாட் போட்டு வீடு கட்ட ஆரம்பிச்சிருந்தாக. என் வரிசையில கட்டி முடிச்சது ரெண்டே வீடு. ஒண்ணுல நான். நடுச் சுவருக்கு அங்கிட்டு ஒரு லாரி டிரைவரும் அவன் பொண்டாட்டியும். மத்ததெல்லாம் கல்லு நட்ட பொட்டல்தான், யானைமலை வரைக்கும். அம்மா இறந்த பிறகு, திருவாதவூர்ல விவசாயம் பாக்குற எங்க அண்ணன் ரெண்டாந்தாரமா கேட்டு வந்த ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, இவருக்குக் கழுத்தை நீட்டுன்னாரு. மாட்டேன்னுட்டேன். "இனிமே உன் வாசப்படி மிதிச்சா நான் மனுசனில்ல"ன்னு போனவருதான். சொன்ன சொல்லைக் காப்பாத்துறதுல எங்க குடும்பத்தை மிஞ்ச ஆளில்ல.

ஒரு தடவை நான் வேலைக்குப் போயிருந்தப்ப எவனோ கொல்லைக் கதவை நெம்பிப் பாத்துட்டுப் போயிருந்தான். அதுக்கப்புறம்தான் ஒரு நாய்க்குட்டி வாங்கினேன். அம்மாக்காரி அல்சேஷன், அப்பன் யாருன்னு அந்தத் தெருவுக்கே தெரியாது. ஒரு காது நிமிந்து நிக்கும், ஒரு காது மடிஞ்சு கிடக்கும். பேரு வைக்கல. குட்டின்னுதான் கூப்பிட்டேன், ஆடு உசரம் வளந்த பிறகும் அது குட்டிதான்.

கிளாஸு ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு, எங்க வீட்டுக்கு நாலு பிளாட் தள்ளி ஒரு பொட்டல்ல நடக்கும். சொல்லிக் குடுத்தவரு முன்னே போலீஸ்ல நாய்ப் பிரிவுல இருந்தவரு. கால்ல அடிபட்டு வேலையை விட்டுட்டு வந்திருந்தாரு. எல்லாரும் அவரை மாஸ்டர்னுதான் கூப்பிடுவோம். ஏழெட்டு நாய் வரும், அதுல மூணு டைகரு, ரெண்டு ஜிம்மி. ஒரு ஆளு டைகர்னு கூப்பிட்டா மூணும் கிளம்பும். சொல்லுறதெல்லாம் இங்கிலீஷ்லதான் சொல்லணும். ஏன் மாஸ்டர்னு ஒருநா கேட்டேன். "தமிழ்ல பழக்குனா தெருவுல போறவன் உக்காருன்னாலும் உக்காந்துரும்மா. நம்ம ஊருத் திருடனுக்கு இங்கிலீஷு தெரியாதுல்ல"ன்னாரு. அரிசி மில்லுக்காரர் ஒருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு "ஸ்டே"ன்னு அதட்டுவாரு. நாய் நிக்காது. உடனே குரலை இறக்கி, "ராசா, கொஞ்ச நேரம் இருய்யா, மாஸ்டர் பாக்குறாருல்ல"ன்னு கெஞ்சுவாரு. அதுக்கு நிக்கும்.

எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல. டெலிபோன்ல பேசிப் பேசி என் குரல்ல ஒரு கறாரு இருந்துச்சு. குட்டி ரெண்டே வாரத்துல உக்காரப் பழகிருச்சு. ஸ்டேன்னு சொல்லிட்டுப் பின்னாலயே இருபது அடி நடந்து போவேன். அது உடம்பு நடுங்க நடுங்க உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கும். கம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மண்ணு பறக்க வந்து என் முழங்கால்ல முட்டும். மத்தவுகளுக்கு அது நாய் பழக்குறது. எனக்கு வாரம் முழுக்க அந்த இருபது அடிதான் நினைப்பு. சனிக்கிழமை சாயங்காலமே நாளைக்கு உடுத்துற சேலையை எடுத்து வெச்சிருவேன்னா பாத்துக்கங்க.

நாலஞ்சு மாசம் போனதும் மாஸ்டர் ஒரு பாடம் ஆரம்பிச்சாரு. அந்நியர் குடுத்தா திங்கக் கூடாது. திருடன் பிஸ்கட்ல விஷத்தை வெச்சுப் போட்டா என்ன பண்ணுவீகன்னு கேட்டாரு. "ஆனா ஒண்ணு. அதுக்கு முன்னாடி நாயை ஊரோட பழக்கணும். வீட்டுல ரெண்டு பேரு கையாலயாவது வாங்கித் திங்கப் பழகியிருக்கணும். நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா அது பட்டினி கிடந்து செத்துரும். ஒவ்வொருத்தரும் சொல்லுங்க, ரெண்டாவது கை யாரு?"ன்னாரு. பொண்டாட்டின்னாரு மில்லுக்காரர். என் மகன்னாரு ஒருத்தர். மாமியார்னு ஒரு அம்மா. வரிசையா வந்து என்கிட்ட நின்னுச்சு. ஒருத்தரும் இல்லன்னு சொல்லிருக்கலாம். என்ன குறைஞ்சு போயிருக்கும்? எட்டுப் பேரு முன்னாடி, அதுவும் நாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப, எனக்கு அது வாயில வரல. "எங்க அண்ணன் இருக்காரு"ன்னுட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நாயை மாத்திப் பிடிக்கிற கிளாஸு. உங்க நாயை நான் நடத்தணும், என் நாயை நீங்க நடத்தி, கடைசியில உங்க கையால ஒரு வாய் சோறு ஊட்டணும். நான் போகல. தலைவலின்னு சொல்லி அனுப்பிட்டேன். உள்ளதைச் சொல்லுறேன், தலையும் வலிக்கல ஒண்ணும் வலிக்கல. என் குட்டி இன்னொருத்தர் கையை நக்குறதை என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. அம்புட்டுதான் விஷயம். உலகத்துல எனக்கே எனக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அதையும் பந்தியில வெச்சுப் பங்கு போடவான்னு நினைச்சேன்.

ஆனா திங்கக் கூடாதுங்கிற பாடத்தை மட்டும் வீட்டுல வெச்சு நல்லாப் பழக்கினேன். அதுக்கு வசமா கிடைச்சவ பக்கத்து வீட்டுக்காரி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. புருஷன் லோடு ஏத்திக்கிட்டுப் போனா பத்து நாளு பன்னண்டு நாளு ஆளு வரமாட்டான். அவளுக்கு வாய் ஓயாது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வாரதுக்குள்ள சுவத்துக்கு மேல தலை தெரியும். "அக்கா, இன்னிக்கு எம்புட்டுக் கூட்டமோ பஸ்ஸுல? அக்கா, சாப்பிட்டீகளா? அக்கா, மொச்சை அவிச்சேன், தரவா?" நாள் பூராவும் பேசிட்டு வாரவளுக்கு இது தாங்குமா? ம், ஊங்கிறதோட கதவைச் சாத்திக்கிருவேன். அவ விடாம மீன் முள்ளு, எலும்புன்னு குட்டிக்குச் சுவத்துக்கு மேல போடுவா. அது ஓடிப்போய் மோந்து பாக்கும். நான் "நோ"ன்னு அதட்டி மூக்கு மேல ஒரு தட்டு தட்டுவேன். ஒரே மாசம். அப்புறம் அவ ஆட்டுக்காலையே போட்டாலும் குட்டி என் முகத்தைப் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துரும். "ஏன்க்கா, நான் போட்டா திங்கக் கூடாதா?"ன்னு கேட்டா அவ. "யாரு போட்டாலும் திங்கக் கூடாது"ன்னேன். அவ மூஞ்சி சுண்டிப்போச்சு. எனக்கா, உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். வெக்கங்கெட்ட சந்தோஷம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில, ஓடுற பஸ்ஸுல இருந்து அவசரப்பட்டு இறங்கி வழுக்கி விழுந்தேன். எடுத்தேன் கவுத்தேன்னு இறங்கினது நான்தான், வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது. தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. பெரிய ஆஸ்பத்திரியில கட்டில்ல படுக்க வெச்சு, காலுல கயித்தைக் கட்டி, அந்தப் பக்கம் எடைக் கல்லைத் தொங்கவிட்டுட்டாக. ஆறு வாரம் இப்படியேதான், அசையக் கூடாதுன்னாரு டாக்டர். எனக்குக் காலு வலி தெரியல. ஐயோ குட்டி, ஐயோ குட்டின்னுதான் அடிச்சுக்கிச்சு. காலையில ஒரு தட்டு சோறு வெச்சுட்டு வந்தது. கொல்லையில ஒரு தொட்டித் தண்ணி கிடக்கும். அதுக்கு மேல என்ன?

ரெண்டாம் நாளு எக்சேஞ்சுல இருந்து நாலு பேரு ஆரஞ்சுப் பழத்தோட வந்தாக. பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க, நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லுங்கன்னு அழுதேன். சொல்லுறோம்னு போனவளுக அதுக்கப்புறம் வரல. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரிக, குத்தம் சொல்லக் கூடாது. அண்ணனுக்கும் ஒருத்தர் மூலமா சேதி போச்சு. வரல.

ஆஸ்பத்திரியில சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடிச்சா பாக்குறவுக எல்லாரும் உள்ள வருவாக. அதுவரைக்கும் முனகிக்கிட்டுக் கிடந்த வார்டு கல்யாண வீடு மாதிரி ஆயிரும். ஒவ்வொரு கட்டிலைச் சுத்தியும் ஏழு பேரு, தூக்குவாளி, பிளாஸ்க்கு, வெத்தலைப் பொட்டலம். என் கட்டில்ல மட்டும் நானும் தொங்குற எடைக் கல்லும். காலைத்தான் அசைக்க முடியாது, தலையைத் திருப்ப முடியும்ல. நாலு மணி அடிச்சதும் சுவத்துப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக் கண்ணை மூடிக்கிருவேன். தூங்குறவளைப் பாக்க ஒருத்தரும் வரலன்னா அதுல ஒண்ணும் கேவலம் இல்லல்ல.

நாலாம் நாளு சாயங்காலம் அப்படித்தான் கிடந்தேன். தோளைத் தொட்டு "அக்கா"ன்னு கூப்பிட்டா ஒருத்தி. திரும்புனா, பக்கத்து வீட்டுக்காரி. தலை கலைஞ்சு, கையில ஒரு எவர்சில்வர் தூக்கு. "அக்கா, மூணு நாளா ஒரு பருக்கை தொடல. கறி வெச்சேன், பால் வெச்சேன், மோந்துகூடப் பாக்கல. வாசக் கேட்டுப் பக்கத்துலயே படுத்துக் கிடக்கு. இன்னிக்குக் காலையில எந்திரிக்கவே மாட்டேங்குது"ன்னா. நான் பழக்கினதுதான். நான் தட்டித் தட்டிப் பழக்கினது.

"மாஸ்டர் வீட்டைத் தேடிப் போயிக் கேட்டேன். ரெண்டாவது கை இல்லாம ஏன் பழக்கினாகன்னு வஞ்சாரு. அப்புறம், உங்க கை பட்ட சோறுன்னா வாசம் பிடிச்சுத் திங்கும், போயி அவுக கையாலயே பிசைஞ்சு வாங்கிட்டு வான்னாரு"ன்னு சொல்லித் தூக்கைத் திறந்தா. சோறும் பாலும் ஒரு அவிச்ச முட்டையும். படுத்தபடியே கையை உள்ள விட்டுப் பிசைஞ்சேன். நல்லா, விரலிடுக்கெல்லாம் படும்படியா. பிசையும்போதே அழுதுட்டேன். நர்ஸ் ஒருத்தி ஓடி வந்து, "இது ஆஸ்பத்திரியா சத்திரமா? என்ன இது?"ன்னு சத்தம் போட்டா. இவ கொஞ்சம்கூட யோசிக்கல. "வீட்டுல பிள்ளை மூணு நாளா சாப்பிடல சிஸ்டர். அக்கா பிசைஞ்சு குடுத்தாத்தான் சாப்பிடும்"னா. நர்ஸு அப்படியே அடங்கிப் போயிட்டா.

மறுநாள் நாலு மணிக்கு நான் சுவத்துப் பக்கம் திரும்பல. வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். வந்தா. "தின்னுருச்சுக்கா! தூக்கையே நக்கிருச்சு!"ன்னு வார்டு முழுக்கக் கேக்குற மாதிரிக் கத்தினா. மறுபடி பிசைஞ்சு குடுத்தேன். அதுக்கடுத்த நாளும். அப்படியே பழக்கமாயிருச்சு. ஒத்தக்கடையில இருந்து ஒரு பஸ்ஸு, கூட்டம்னா பாதி தூரம் நின்னுக்கிட்டே வரணும். புருஷன் ஊருல இருக்கிற நாள்லயும் ஒரு நாளு தப்பாம வந்தா. வந்து உக்காந்து, அவ பாட்டுக்குப் பேசுவா. முருங்கை பூத்திருக்கு, தெருவுல தண்ணி வரல, குட்டி காக்காயை விரட்டுச்சு. எனக்குக் காது வலிக்கல. அஞ்சே முக்காலுக்கு "வாரேன்க்கா"ன்னு அவ எந்திரிச்சா, பாக்குற நேரம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கேன்னு இருக்கும். ஆனா, இரு தாயேன்னு ஒரு நாளு சொன்னதில்ல.

வார்டுல எனக்கு ஒரு பிள்ளை இருக்குன்னு ஆகிப்போச்சு. "என்ன வயசு?"ன்னு கேட்டாக பக்கத்துக் கட்டில் அம்மா. ஒண்ணரைன்னேன். அது உண்மைதானே. "அம்மா கை ருசிக்கு ஏங்கிப்போச்சு பாவம்"னாக. ஆமான்னேன். புருஷன் ஏன் வரலன்னு கேட்டதுக்கு, வெளியூர்ல இருக்காகன்னேன். பொய்யை ஆரம்பிச்சது அவ, அதுக்குச் சீராட்டுப் பாராட்டெல்லாம் பண்ணி வளத்தது நான். ஆறு வாரம் நான் ஒரு தாயா கிடந்தேன். ஒரு நாய்க்குத்தான். இருந்தாலும், நான் பிசைஞ்சாத்தான் திங்கும், வேற யாரு பிசைஞ்சாலும் தொடாதுங்கிற நினைப்புலதான் அந்தக் கட்டில்ல என்னால கிடக்க முடிஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்தது மத்தியான வேளை. கக்கத்துல கட்டையை ஊனி டாக்சியை விட்டு இறங்குறேன், குட்டி பாஞ்சு வந்து என்னைத் தள்ளாத குறை. ஊளையிட்டு, சுத்திச் சுத்தி ஓடி, என் சேலையை நக்கி, நின்ன இடத்துலயே மூத்திரம் பேஞ்சிருச்சு. மெலியவே இல்ல. நல்லாப் பளபளன்னு இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்குள்ளேயிருந்து சந்தோஷத்துல ஓடி வந்தவ, பழக்க தோஷத்துல கையில ஒரு தட்டோட வந்துட்டா. குழம்புச் சோறு. "இந்தாடா குட்டி"ன்னு கீழே வெச்சா. நான் பாத்துக்கிட்டிருக்கேன், என் குட்டி என்னை விட்டுட்டுப் போயி, வாலை ஆட்டிக்கிட்டு, அவ கால்ல உரசிக்கிட்டு, தட்டைக் காலி பண்ணுச்சு.

அவ அப்பத்தான் என் மூஞ்சியைப் பாத்தா.

"எப்ப இருந்து?"ன்னேன்.

"மூணாவது தூக்குல இருந்துக்கா. நீங்க பிசைஞ்ச சோத்துல நானும் கையைப் போட்டுக் கலந்து குடுத்தேன். அடுத்த நாள்ல இருந்து நான் குடுத்தாலே திங்க ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப அஞ்சு வாரமா எதுக்குடி தூக்கைத் தூக்கிட்டு வந்தே? என்னைப் பாத்தா கிறுக்கச்சி மாதிரி இருக்கா? பொய்யிலயே பிறந்து பொய்யிலயே வளந்தவளா நீ?" இன்னும் என்னென்னமோ சொன்னேன், சொல்ல வாய் கூசுது. அவ தட்டை எடுத்துக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்குப் பூராவும் குட்டியை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டினேன். அது கதவுக்கிட்டப் போயிப் போயி அந்தப் பக்கம் மோந்துக்கிட்டு நின்னுச்சு. நான் செத்திருந்தாலும் அது நல்லாத்தான் இருந்திருக்கும்னு நினைச்சு நினைச்சு வயிறு எரிஞ்சுச்சு.

மறுநாள் காலையில அவ வந்தா. நான் வஞ்சது ஒண்ணுமே நடக்காத மாதிரி, கட்டையை வெச்சுக்கிட்டு என்னால குனிய முடியாதுன்னு, கொல்லையில உக்காந்து என் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பிச்சா. நான் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கோபம் பாதி இறங்கியிருந்துச்சு.

"சொல்லு. எதுக்கு வந்தே?"

அவ தேய்ச்சுக்கிட்டே சொன்னா. "முத நாளு நான் வந்தப்ப, பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாக. இந்தப் பொண்ணைப் பாக்கச் சொந்தம்னு ஒருத்தரும் வாரதில்ல, நாலு மணி ஆனா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிருதுன்னு. எனக்கு மனசு கேக்கலக்கா. சும்மா பாக்க வந்தா எதுக்கு வந்தேன்னு விரட்டுவீக. விரட்டுற ஆளுதானே நீங்க? சோத்துக்குன்னு வந்தா விரட்ட மாட்டீகன்னுதான்."

வாயில வந்ததைக் கேட்டேன். "அப்ப நான் பிசைஞ்சு குடுத்த சோத்தையெல்லாம் என்ன பண்ணுனே? காக்காய்க்குக் கொட்டினியா?"

தேய்க்கிற கை நின்னுச்சு. "கொட்ட மனசு வரல. பஸ்ஸுக்கு நிக்கிறப்ப நானே சாப்பிட்டுருவேன்."

"நாய்ச் சோறுடி அது!"

"இருந்தா என்ன? பசிக்கும்ல. எனக்குப் பிசைஞ்சு குடுக்க மட்டும் யாரு இருக்கா?"ன்னு சொல்லிட்டு மறுபடி பாத்திரத்தைத் தேய்ச்சா.

அடுத்த வருஷமே அவ புருஷன் நாமக்கல் பக்கம் லாரி ஓட்டப் போயி, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாக. முகவரி வாங்கி வெச்சுக்கணும்னு எனக்குத் தோணல. வாங்கியிருந்தாலும் எழுதியிருப்பேனாங்கிறது சந்தேகம்தான். ஆனா அன்னிக்கு அந்த நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப, அஞ்சு வாரமா என் கை பட்ட சோறு எங்க போயிருக்குன்னு நினைச்சுப் பாத்தேன். அவளைப் பேரு சொல்லிக்கூட ஒரு நாளு கூப்பிட்டதில்ல நான்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா உப்பாவது போட்டுப் பிசைஞ்சிருப்பேனேடி"ன்னேன்.